வாகனிங்கனுக்கு முதல் கொழும்பு

ஜூன் 15, ஞாயிறு – வெள்ளவத்தை

கிளிநொச்சியில் பஸ் ஏறும்போது வேர்வை. உள்ளே ஏசிக் குளிர். காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினால் உப்புக் காற்றும் புழுக்கமும். என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. மருமகள் வழியெல்லாம் நல்ல நித்திரை. பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடந்து எனக்கு முன்னால் போய்விட்டாள்.

அவளுக்காகத்தான் இந்தப் பயணம். செப்டம்பரில் நெதர்லாந்து போகிறாள். வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பயிர் அறிவியல் முதுமாணி, இரண்டு வருடப் படிப்பு, புலமைப்பரிசிலும் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் எங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளை. இப்போது சான்றிதழ்களுக்கு முத்திரை குத்த வேண்டும், விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா சிறுபோக வயலை விட்டு அசைய மாட்டார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் நாளில் வரம்பில் நிற்காவிட்டால் பக்கத்து வயல்காரர் வாய்க்காலைத் திருப்பிவிடுவாராம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியருக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

தங்குவது மச்சாள் வீட்டில். ஐந்தாம் மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. கையில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம். வாசலில் இருந்த காவல்காரர் நான் கேட்காமலே பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். மேலே போனதும் நூறு ரூபா நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு மாம்பழம் கொடுத்தேன். அதை வாங்கிக் காம்புப் பக்கம் மணந்து பார்த்துவிட்டுக் கீழே போனார்.

இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். மச்சாளின் கைப்பக்குவத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் முறை சொதி ஊற்றும்போது மருமகளைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் பிள்ளை, மெடிசின் கிடைக்கேல்லையோ?"

"இசட் புள்ளி காணேல்ல மாமி. ஆனா இப்ப கொண்டுவந்து தந்தாலும் நான் இதைத்தான் எடுப்பன்."

"விவசாயம் படிக்க ஒல்லாந்து மட்டும் போகவேணுமோ? வயல் இங்கயும் கிடக்குத்தானே."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்கு முப்பது வருடத்துக்கு மேல் பழக்கப்பட்டவன்தான், ஆனாலும் காலை ஏழு மணிக்கு, கழுத்து வலியோடு, கொஞ்சம் கூடுதல். எங்கள் நாட்டில் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் படித்த பிள்ளைகளைப் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, அந்த இசட் புள்ளி, ஒரு வரிசையில் நிறுத்துகிறது. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், அப்புறம் எங்கேயோ கீழே விவசாயம். விவசாய பீடத்துக்குப் போன பிள்ளை எதையோ தவறவிட்ட பிள்ளை என்றே வீட்டுக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். அதைச் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார்கள்.

மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தோம். ஜூன் மாதக் கடல் கோபமாக இருக்கிறது. ரயில் தண்டவாளத்தின் கல்லுவரை நுரை வந்து போகிறது. திரும்பும்போது காலி வீதிப் பழக்கடையில் கறுத்தக்கொழும்பான் கிலோ 900 ரூபா. எங்கள் முற்றத்து மரத்தில் வௌவால் தின்றது போக மீதியைத்தான் நான் கொண்டுவந்தேன் என்று கடைக்காரப் பெடியனிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள் – வரிசை

சான்றிதழ்களுக்கு முத்திரை குத்தும் ஓர் அலுவலகம். எது என்பது வேண்டாம். ஏழு மணிக்கே போய் இலக்கம் எடுத்தோம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, பட்டச் சான்றிதழில் அதற்கு முதல் வேறொரு இடத்து முத்திரை இருக்க வேண்டும் என்று திருப்பித் தந்தார்கள். அந்த விஷயம் நாங்கள் படித்த அறிவித்தலில் இல்லை. கேட்டால், "இப்ப சொல்லிட்டம்தானே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதனால் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் நீர்கொழும்புக்காரர், மகனை இத்தாலிக்கு அனுப்ப வந்திருந்தார். தமிழ் நன்றாகக் கதைத்தார். பையிலிருந்து மாலு பாண் எடுத்து, நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆளுக்கொன்று கையில் வைத்துவிட்டார். மகன் அங்கே ஒரு தக்காளித் தோட்டத்தில் வேலைக்குப் போகிறானாம். மருமகள் என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப என்ர மகன் தக்காளி ஆயப்போறான், நீங்க தக்காளி படிக்கப்போறீங்க. ஆருக்குச் சம்பளம் கூட?"

"முதல் இரண்டு வருசம் உங்கட மகனுக்குத்தான் அங்கிள்" என்றாள். அவருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார்.

வெளியே வந்ததும் மழை. மழை என்றால் ஓட்டோக்காரர்களுக்கு மீற்றர் பழுதாகிவிடும் போலிருக்கிறது. நால்வரைக் கேட்டோம், நால்வருக்கும் பழுது. 700 ரூபாவுக்கு ஒருவர் சம்மதித்தார். ஓரத்துத் திரை கிழிந்திருந்ததால் என் வலப்பக்கம் முழுவதும் நனைந்தது. சான்றிதழ்களை மருமகள் இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, சட்டைக்குள் வைத்திருந்தாள். எங்கள் பகுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பத்திரங்களைக் கொண்டு திரியும் விதம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மத்தியானம் சோற்றுப் பார்சல் 450 ரூபா. பருப்பு, போஞ்சி, ஒரு துண்டு சூரை மீன். சோறு நிறைய, கறி குறைவு.

இரவுச் சாப்பாட்டில் சகலன் விஷயத்துக்கு வந்தார். அவர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், கணக்குப் பார்க்காமல் எதையும் கதைக்க மாட்டார். "அந்த நாடு எங்கட நாட்டிலும் சின்னது. அங்க என்ன விவசாயம்?"

சின்னதுதான். இலங்கை 65 ஆயிரம் சதுர கிலோமீற்றர், நெதர்லாந்து 42 ஆயிரத்துக்கும் உள்ளே. ஆனால் விவசாயப் பொருள் ஏற்றுமதியின் பெறுமதியில் அமெரிக்காவுக்கு அடுத்ததாகப் பேசப்படும் நாடு அது. அந்த வாகனிங்கன் 1876இல் அரச விவசாயப் பாடசாலையாகத் தொடங்கி, 1918இல் உயர்கல்லூரியாகி, 1986இல்தான் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டது. உணவு, மண், பயிர், விலங்கு, தண்ணீர், காடு: உயிரோடு சம்பந்தப்பட்டவைதான் அங்கே பாடம். விவசாயத்துக்கான உலகத் தரவரிசைகளில் பல வருடங்களாக முதலிடத்தில் அதன் பெயர்தான் இருக்கிறது. இதையெல்லாம் அவள் சொல்ல, சகலன் முட்டைப் பொரியலைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு இரவு முழுக்க நித்திரை வராமல் செய்தது. அங்கே பிரச்சினை உரம் இல்லாததல்ல, கூடிப்போனது. மாடும் பன்றியும் கோழியும் நெருக்கமாக வளர்க்கிற நாடு. சாணத்திலிருந்து எழும்பும் அமோனியாவின் நைதரசன் காற்றில் போய்க் காட்டிலும் புல்வெளியிலும் படிகிறது. 2019 மே மாதம் நைதரசன் வெளியிடும் பண்ணைகளுக்கும் வேலைகளுக்கும் கொடுத்துவந்த அனுமதி முறை சட்டத்துக்கு உதவாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒக்டோபரில் விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு ஹேக் நகரத்துக்குப் படையெடுத்தார்கள். 2022இலும் வீதிகளை மறித்தார்கள்.

2021இல் எங்கள் கதை வேறு. மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. ஒரே அறிவித்தலில் நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. நெல் இலை மஞ்சளாகப் போவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்ற விவசாயிகள் என்னைத்தான் கேட்டார்கள், "சேர், என்ன செய்ய?" என்று. அந்தப் போகம் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்தோம். சேதனப் பசளை கெட்டதென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மண்ணுக்கு நைதரசன் எவ்வளவு வேண்டும், அதை எத்தனை வருடத்தில் எதைக்கொண்டு ஈடுசெய்யலாம் என்று கணக்குப் பார்ப்பதற்குத்தான் ஒரு படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்பைப் படித்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வெட்டுப்புள்ளியில் கீழே நிற்பவர்கள் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்?

சகலன் ஒன்றும் சொல்லவில்லை. முட்டைப் பொரியல் ஆறிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய் – புறக்கோட்டை

இன்று எல்லாம் சுமுகம். முதல் முத்திரை ஒன்பது மணிக்கு, இரண்டாவது பன்னிரண்டுக்கு. எழுத ஒன்றுமில்லை.

மிச்சப் பொழுதுக்குப் புறக்கோட்டை போனோம். மரக்கறி மொத்த வியாபாரம் பேலியகொடைக்குப் போனபிறகு அந்தப் பக்கத்தில் நெரிசல் குறைந்திருக்கும் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை. நாட்டாமைமார் மூட்டை வண்டியோடு வந்தால் முதுகில் இடித்த பிறகுதான் குரல் கொடுக்கிறார்கள். செட்டியார் தெருவில் நகைக்கடை வாசலில் நின்றவர் என் நனைந்த செருப்பைப் பார்த்துவிட்டு, அழைக்க வாய் திறந்ததை மூடிக்கொண்டார்.

மேட்டில் இருக்கும் வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் மருமகள். ஒல்லாந்தர், அதாவது நெதர்லாந்துக்காரர், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. சிலுவை வடிவம், கோட்டைச் சுவரின் கனம். உள்ளே தரையில் பெரிய கல்லறைக் கற்கள், முத்திரைச் சின்னங்களோடு. திறந்துவிட்ட முதியவர் எங்களைப் பின்தொடரவில்லை, கதை சொல்லிக் காசு கேட்கவுமில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். கொழும்பில் இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் மனம் லேசாகிறது. அவள் கற்களில் இருந்த பெயர்களை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

மாலை காலிமுகத்திடலில் இறால் வடை. இறால் சின்னது, மிளகாய்த் தூள் பெரிது. காற்று வெங்காயத்தை அள்ளிக்கொண்டு போனது.

ஜூன் 18, புதன் – கறுவாத்தோட்டம்

விசா நேரம் நாளைக்கு. இன்று சும்மா திரிந்தோம், இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள்.

கொழும்பு ஏழு என்றால் தூதரகங்கள், பெரிய வீடுகள், உயர்ந்த மதில்கள், நிழல் வாகைகள். காணி விலையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் உண்மையாகவே கறுவாத் தோட்டம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கறுவாவைக் காட்டிலிருந்துதான் உரித்து எடுத்தார்கள். சலாகம சாதியாரைக் கட்டாய ஊழியத்தில் காட்டுக்கு அனுப்பினார்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தெரியாமல் பட்டை உரித்தால் மரண தண்டனைவரை சட்டம் இருந்தது. 1765இல் ஆளுநராக வந்த பால்க் காலத்தில்தான் தோட்டமாக நட்டுப் பயிராக்கத் தொடங்கினார்கள். காட்டில் மட்டும்தான் நல்ல கறுவா வரும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைந்தது. பதியம் வைத்தாலும் கன்று நட்டாலும் வரும், தண்டை வெட்ட வெட்டப் புதுத் தளிர் வரும், அந்த இளந்தண்டின் பட்டைதான் திறம்.

அவர்களுடைய விவசாயக் கல்வியின் ஆரம்பம் வாகனிங்கனில் இல்லை, இங்கே மருதானைப் பக்கத்தில்தான் என்று நான் சொன்னேன். "மாமா, அது கல்வி இல்ல, வியாபாரம்" என்றாள். அதுவும் சரி. 1796இல் ஆங்கிலேயரிடம் கொழும்பைக் கொடுத்துவிட்டுப் போய் எண்பது வருடம் கழித்துத்தான் அந்தப் பாடசாலையைத் திறந்தார்கள். எங்கள் கறுவாவில் காசு பார்த்த காலத்தில் அவர்களுக்கே விவசாயப் பாடசாலை கிடையாது.

இப்போது அந்தப் பக்கத்தில் விகாரமகாதேவிப் பூங்கா, நூதனசாலை, கொஞ்சம் தள்ளிக் கொழும்புப் பல்கலைக்கழகம். மருத்துவம், சட்டம், விஞ்ஞானம், கலை எல்லாம் நகரத்துக்குள்ளே. விவசாயத் தொழில்நுட்பம் படிப்பிக்கிற நிறுவகமும் அதற்கு உண்டு, ஆனால் அது அம்பாந்தோட்டையில், வெலிகத்தையில். விவசாயத்துக்குக் காணி வேண்டும், அங்கேதான் காணி இருக்கிறது, நியாயம்தான். மழை குறைந்த பிரதேசம் என்பதால் அந்தப் பிள்ளைகள் படிக்கவும் அது நல்ல இடம். இருந்தாலும் கறுவாத்தோட்டத்து மதில்களுக்கு நடுவே நின்று அதை யோசித்தால் ஒரு நக்கல் சிரிப்பு வருகிறது.

பூங்கா வாங்கில் இருந்து, அங்கே போய் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். மண் நூதனசாலை என்றாள். வாகனிங்கன் வளாகத்திலேயே இருக்கிறதாம். பல நாடுகளில் குழி தோண்டி, மேல்மண்ணிலிருந்து அடிமண்வரை ஒரே துண்டாகச் செங்குத்தாக வெட்டி எடுத்து, பசை ஊற்றி இறுக்கிப் பலகையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பகுதியில் எத்தனை குழி இறங்கிப் பார்த்திருப்பேன், மழை வந்தால் அடுத்த நாள் குழி தூர்ந்துவிடும். மண்ணை அப்படி நிறுத்தி வைக்கலாம் என்று அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறாமைப்பட்டாவது இருப்பேன்.

மத்தியானம் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் லம்பிறைஸ். பறங்கியர் சாப்பாடு, வாழையிலையில் சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, சாம்பல் வாழைக்காய், இறைச்சி உருண்டை எல்லாம் வைத்து மடித்துப் போறணையில் வேகவைக்கிறார்கள். ஒன்று 1,600 ரூபா. இருவருக்கும் ஒன்றுதான் எடுத்தோம். பரிமாறிய பெண் முகம் சுளிக்காமல் இரண்டு தட்டுக் கொண்டுவந்து வைத்தார். மோஜு அருமை. மற்றதெல்லாம் எண்ணெய்.

வீட்டுக்கு வந்தால் லிப்ட் திருத்தியாயிற்று. மச்சாள் மருமகளைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, இலை நுனி கருகி. "இது ஏன் பிள்ளை இப்பிடிச் சாகுது?" கடல் காற்றின் உப்பு, சாடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லை, இரண்டும் என்றாள் அவள். ஓட்டை போட ஆணி தேடினோம். மெடிசின் பேச்சு அன்றைக்கு எழவில்லை.

ஒன்பதரைக்குக் கீழே நடக்கப் போனோம். காவல்காரர் கதிரை இழுத்துப் போட்டார். ஊர் மெதிரிகிரிய, பொலன்னறுவைப் பக்கம். மூன்று ஏக்கர் வயல், 2021இல் பட்ட கடனுக்குப் பிறகு தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு வந்திருக்கிறார். கொச்சைத் தமிழ் வருகிறது. கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தன் தெரியுமாம், அந்தப் பக்கம் இருந்திருக்கிறாராம். எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காலி வீதி வாகனச் சத்தம் மட்டும்.

அப்புறம் அவரே தொடங்கினார். "நங்கி வயல் படிக்கிறது? அப்ப ஒண்டு சொல்லுங்க. என்ட வயல்ல களைநெல். மருந்து அடிச்சாச்சு, போகுது இல்ல. ஏன்?"

அவள் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். களைநெல்லும் நெல்தான், ஒரே இனம். நல்ல நெல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல மருந்தால் முடியாது. அறுவடைக்கு முதலே மணி உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும், அடுத்த போகம் முளைக்கும். விதைக்க முதல் தண்ணீர் விட்டு அதை முளைக்க வைத்து உழுது அழிக்க வேண்டும், வீசி விதைக்காமல் நாற்று நட வேண்டும், விதைநெல்லைச் சுத்தமாகப் பார்த்து வாங்க வேண்டும். அவளுக்குச் சிங்களம் தடுமாறிய இடத்தில் நான் சொன்னேன், எனக்கும் தடுமாறிய இடத்தில் கையால் காட்டினோம். அவர் கைபேசியில் தம்பிக்கு எடுத்து அப்போதே சொன்னார். தம்பி நித்திரை, திட்டியது எங்களுக்கும் கேட்டது.

கொழும்பில் இந்த நாட்களில் அவளுடைய படிப்பைப் பற்றிக் கேட்டவர்கள் நிறைய. எல்லோரும் ஏன் என்றும், எவ்வளவு சம்பளம் என்றும், திரும்பி வருவாயா என்றும் கேட்டார்கள். படிப்புக்குள்ளே போய் ஒரு கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான்.

ஜூன் 19, வியாழன்

கைரேகை பத்து நிமிடத்தில் முடிந்தது. என்னை உள்ளே விடவில்லை. வெளியே செவ்விளநீர் 180 ரூபா, வெட்டிக் கொடுத்தவர் வழுக்கையைச் சுரண்ட மட்டையிலேயே கரண்டி செய்து தந்தார்.

மருமகள் வெளியே வந்து, இனி வீட்டில் இருந்து காத்திருப்பதுதான் வேலை என்றாள். வாகனிங்கனில் ரயில் நிலையமே இல்லையாம், பக்கத்து ஈடேயில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1945 மே மாதம் அந்த நாட்டில் இருந்த ஜெர்மன் படை சரணடையும் பேச்சு நடந்த ஹோட்டல் அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறதாம். மே 5 அங்கே விடுதலை நாள், ஊர்வலமெல்லாம் உண்டு. எனக்கு அதைவிட அங்கே நவம்பரில் எவ்வளவு குளிரும் என்பதுதான் கவலை.

புறக்கோட்டையில் தடித்த ஜக்கெட் ஒன்றுக்கு 6,500 சொன்னார்கள். 5,000க்குக் கேட்டேன், கடைக்காரர் மடித்து உள்ளே வைத்துவிட்டார். ஓகஸ்டில் வந்தால் 4,000க்குத் தருவார்கள் என்று மச்சாள் சொல்கிறார். வரும்போது முருங்கைக்காயும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.